வள்ளியின் காலடி மண்

கடலை மண்டி கோதண்டராமன் வீட்டில் திரௌபதிக்கு முக்கியமான வேலை, அவர் மகன் அப்பாதுரையைத் தின்ன வைப்பது. எழுபத்தெட்டாம் வருஷம் அவனுக்கு ஏழு வயது. தொடைகள் உரசிப் புண்ணாகி, தினமும் பவுடர் போட வேண்டியிருந்தது. மாடிப்படி ஏறினால் வாயால் மூச்சு வாங்குவான். தெருவில் பார்ப்பவர்கள், "பெரிய எடத்துப் புள்ளன்னா இப்படி இருக்கணும்" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். வேண்டாமென்று அவன் துப்பும் நெய்ச் சோற்றைத் திரௌபதி கையில் ஏந்துவாள்.

அவள் மகள் வள்ளிக்கும் அதே வயதுதான். பார்த்தால் நாலு என்பார்கள். அந்த வீட்டில் மிஞ்சுவதுதான் அவளுக்குச் சோறு. பையன் தின்று முடிக்கும்வரை கொல்லையில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், கண் பட்டுவிடுமாம். அங்கே மாவாட்டிய நான் தினமும் அதைப் பார்த்தேன்.

ஒருநாள் அப்பாதுரை படியிலேயே மயங்கிச் சாய்ந்தான். டாக்டர் வந்து பார்த்தார்.

"எடை ரொம்ப ஜாஸ்தி. நெய்யும் ஸ்வீட்டும் கம்மி பண்ணுங்க."

அவர் போனதும் பையனின் அம்மா ரேணுகாம்பாள் வெடித்தாள். "நல்லா சாப்பிடற புள்ளயப் பார்த்தா அந்தாளுக்கும் பொறுக்கல!" பிறகு திரௌபதியிடம் திரும்பினாள். "எல்லாம் உன் பொண்ணு கண்ணுடி. பசிச்ச கண்ணு. அவ காலடி மண்ண எடுத்துனு வா. உப்பு மொளகாயோட சுத்திப் போடணும்."

"சின்னப் புள்ளமா அது."

"எடுத்தாந்தா சோறு. இல்லன்னா நாளைலேர்ந்து அவள இங்க இட்டுனு வராத."

திரௌபதி கொல்லைக்கு வந்து மகளின் காலருகே குனிந்தாள். வள்ளி தானாகவே பாதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"முள்ளு எதுவும் குத்தலமா."

திரௌபதி மண்ணைத் தொடவில்லை. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"நாறுதுமா உங்க சோறு" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

ரேணுகாம்பாள் தானே வந்து, வள்ளி நின்ற இடத்தை மோதிரக் கையால் வழித்தாள். பையனைச் சுற்றி, அதில் மூன்று முறை துப்பச் சொல்லி, அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி எல்லோரையும் இரும வைத்தது. நெடி ஏறினால் திருஷ்டியே இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"பார்த்தியா, எம்மாம் கண்ணு!" என்றாள் அவள். இருமிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் ஜாங்கிரியைத் திணித்தாள்.

திரௌபதி அதன்பிறகு கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கடலை பறிக்கப் போனாள். வள்ளியும் கூடப் பறித்தாள். சாயங்காலம் கரையேறும்போது, கடலை தின்றிருக்கிறாளா என்று பார்க்க, நிலத்துக்காரர் அவளை வாயைத் திறந்து காட்டச் சொல்வாராம்.