சிவப்புக் கோடு போட்ட மூட்டை

திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டியில் குப்பம்மாளின் புருஷன் மாரியப்பனுக்கு வேலையே, பெண்கள் தலையில் மூட்டையைத் தூக்கிவிடுவதுதான். போயும் போயும் ஒருத்தி புருஷனுக்கு இப்படியா ஒரு வேலை வாய்க்க வேண்டும்? குப்பம்மாளும் அங்கேதான் சுமந்தாள். யார் மூட்டைக்கு அவன் கை எப்படிப் போகிறது என்று பார்ப்பதே அவளுக்குப் பாதி வேலை.

யுத்தம் தொடங்கிய வருஷம் ஜெயம் வந்து சேர்ந்தாள். சின்ன வயசு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. குப்பம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"என் தலையில தொப்புனு போடறே. அவளுக்கு மட்டும் பாத்துப் பாத்து வெக்கறே" என்று வீட்டில் தினம் சண்டை.

"அவ புதுசுடி. கழுத்து இன்னும் பழகல" என்பான். அந்தக் கழுத்தைப் பற்றி இவன் பேசுவதாவது!

அந்தச் சமயம் ஒரு கூலியாளுக்கு இடுப்பு முறிந்தது. உடனே மண்டிக்காரர் தேவநாதன் ஒரு சட்டம் போட்டார். எடை மிஞ்சிய மூட்டையில் காவியால் சிவப்புக் கோடு இழுக்க வேண்டும். அதை இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்துதான் தூக்க வேண்டும், பெண்கள் தொடக்கூடாது.

ஒருநாள் ஜெயம் தெரியாமல் அப்படியொரு மூட்டையிடம் போய் நின்றாள். மாரியப்பன் ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்தினான். "சேப்பு போட்டிருக்கு பாரு. கழுத்து போயிடும்."

கையைப் பிடித்தான்! அத்தனை பேரும் பார்க்க!

அவன் வண்டி பார்க்கப் போனதும் குப்பம்மாள் அதே மூட்டையிடம் வந்தாள். "வாடி, ஒரு பக்கம் புடி. என் தலையில ஏத்து."

"வேணாம்க்கா. அண்ணன் திட்டும்."

"என் புருஷன் என்னைத் திட்டுனா உனக்கென்னடி? புடி!"

பயந்துகொண்டே ஜெயம் பிடித்தாள். மூட்டை தலைக்கு ஏறியது. சும்மா சொல்லக் கூடாது, குப்பம்மாள் வாசல் வரைக்கும் நேராகவே நடந்தாள். அப்போது பின்னாலிருந்து மாரியப்பன் கத்தினான்: "ஜெயம்! என்னா காரியம் பண்ணிக்கினு இருக்கே?"

அவன் வாயில் அவள் பேர்தான் முதலில் வந்தது. சுமையோடு திரும்பக் கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள், வெடுக்கென்று கழுத்தைத் திருப்பினாள்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைக்க வைத்தார்கள். தலையில் சுமை மட்டும் இனி ஆயுசுக்கும் கிடையாது. கழுத்தை அசைக்காமல் குடிசையில் உட்கார்ந்திருப்பாள். மாரியப்பன் காலையில் கிளம்பினால் மனசும் மண்டிக்கு ஓடும். அங்கே என்ன நடக்கிறதென்று பார்க்கத்தான் வழியில்லை.

சாயங்காலம் அவன் வந்து கேப்பைக் கூழ் கரைத்து ஊட்டுவான். அதை விழுங்குவதற்கு முன்னே கேட்பாள்:

"இன்னிக்கு அவளுக்கு யாரு தூக்கிவுட்டது?"

"நான்தான். உன் எடத்துல இப்ப அவதானே சுமக்கிறா."