மழைக்குக் கொடுத்த பூனை

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாங்கள் குடியேறியிருந்த நாட்டில், ஹோஸ் பைப்பைத் திறந்தாலே அபராதம் என்றிருந்த வறட்சிக் காலம். ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மணி ஷிப்டுக்கு நான் யூனிபோர்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். கணவர் வந்து, பூனையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"எதுக்கு?"

"மழைக்கு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு நெல் கிராமத்தில் பிறந்தவள். அங்கே மழை பொய்த்தால், பெண் பூனை ஒன்றைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பாடியபடி வீடு வீடாகப் போவார்களாம். ஒவ்வொரு வீட்டாரும் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். பூனை கத்தினால் மழை வரும். பூனை மேகத்தின் நிறம் என்றால் இன்னும் விசேஷம். எங்களுடையது சாம்பல் நிறம், அதன் கெட்டகாலம்.

மூங்கில் கூடைக்குப் பதிலாக என் உடுப்புக் கூடை போயிற்று. மூடியாக, கேக் சுடும் அவணின் கம்பித்தட்டு. கூடையின் பிடிகளுக்குள் வீடு கூட்டும் தும்புத்தடியை நுழைத்து, ஒரு முனையைக் கணவரும் மறுமுனையை அவளும் தோளில் வைத்தார்கள். அவள் பாடினாள். வார்த்தை தெரியாத என் கணவரும் கூடப் பாடினார். நான் பூனையின் தடுப்பூசிக் கார்டை நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மூன்று வீடுகளில் விரல்நுனியால் தெளித்தார்கள். நான்காவது வீட்டுக் கிழவர், காய்ந்துபோன தன் புல்தரைக்காகச் சேர்த்து வைத்திருந்த குளித்த தண்ணீரை வாளியோடு பூனைமேல் கவிழ்த்துவிட்டார். தட்டு தெறித்தது. பூனை என் கையைக் கீறிவிட்டு யூகலிப்டஸ் மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. எங்கள் ஏணி பாதி மரம்கூட எட்டவில்லை. வேலைக்குப் போன் எடுத்து, பூனை மரத்தில் நிற்பதால் பிந்தி வருவேன் என்றேன். மேற்பார்வையாளர் சிரித்தார்.

மரத்தடியில் அவளைத் திட்டத்தான் போனேன். அவள் ஈரக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது ஒருமுறை பூனை கத்தியும் மழை வரவில்லையாம். வயல் காய்ந்தது. அவளைப் பாங்கொக்கில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அம்மாவைத் திரும்பப் பார்க்க மூன்று வருடங்கள் ஆயின. இதைக் கேட்டபிறகு ஒழுங்காகக் கோபப்படவும் முடியவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்குப் பூனை தானாகவே இறங்கி வந்தது.

அந்தக் கிழமை மழை இல்லை. அந்த மாதமும் இல்லை. அடுத்த மாதம் ஒரு பின்னேரம் கொட்டியது. அவள் ஒரு தட்டில் பொரித்த மீனோடு ஓடி வந்தாள், பூனைக்காம். கணவர் அவளோடு முற்றத்தில் நனைந்தபடி நின்று என்னைக் கூப்பிட்டார்.

"வந்து பாருமன், எப்பிடிப் பெய்யுது எண்டு."

எனக்கு அது உள்ளே இருந்தே தெரிந்தது. இரண்டு வருடமாகக் கூரையோரத் தண்ணீர்ப் பீலியைத் துப்புரவாக்குங்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சருகு அடைத்து, குசினிக் கூரையால் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் சட்டி, பானை என்று அகப்பட்டதையெல்லாம் அதன்கீழே வைத்துக்கொண்டிருந்தேன்.