கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை

அஞ்சு தடவை எழும்பிட்டேங்க!

செவ்வாய்க்கிழமை, கிளினிக்கில, டொக்டர் முன்னாடி — கையை நெஞ்சில கட்டிக்கிட்டு, கதிரையிலிருந்து அஞ்சு தடவை எழும்பி உட்கார்ந்தேன். இதுக்கா இந்தக் குதி குதிக்கிறேன்னு கேட்கிறீங்களா? கதையைக் கேளுங்க!

எனக்கு ஈரல் சுருக்கம். உடனே உங்க கண்ணு முன்னாடி ஒரு போத்தல் வந்து நின்னிருக்குமே? சாராயத்தை நான் மோந்துகூடப் பார்த்ததில்லைங்க. சீனி வருத்தமும், அதாங்க சர்க்கரை வியாதியும், ஈரல்ல படிஞ்ச கொழுப்பும் சேர்ந்து செஞ்ச வேலை. பத்திரிகைக்கு இந்தப் பத்தி எழுதுற நேரம் போக, ஹட்டன் பஜார்ல என் பலசரக்குக் கடையில உட்கார்ந்தே இருந்தவன் நான்.

வருத்தம்னு தெரிஞ்சதும் என் மனைவி செல்வி கடையைத் தன் கையில எடுத்துக்கிட்டா. என்னைக் கட்டில்ல போட்டு, கம்பளியைப் போர்த்தி, கஞ்சி கொடுத்தா. டயகமயிலிருந்து பார்க்க வந்த மச்சினன் வேற, "ஈரலை ஆட்டக்கூடாது மச்சான், அசையாம படுங்க"ன்னான்.

ஆறே மாசம்… தொடை சூம்பிப்போச்சு. கக்கூஸ்ல இருந்து எழும்பவே செல்வி கை வேணும். வெட்கமா இருந்துச்சு. அவ இல்லாத நேரத்துல என்ன ஆவேன்னு பயமாவும் இருந்துச்சு.

மூணு மாசத்துக்கு முந்தி கிளினிக்குக்குப் புது டொக்டர் வந்தாங்க. சின்ன வயசு சிங்களப் பிள்ளை. "ஐயா, கை ஊன்றாம எழும்புங்க"ன்னாங்க. ஒரு தடவைகூட முடியல!

"ஈரலுக்கு ஏலாதப்போ தசைதான் உதவி செய்யும். அதையும் படுக்க வச்சா எப்படி?"ன்னு கேட்டுட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னாங்க.

மாத்திரையோட நடை. எழும்பி உட்கார்றது. பருப்பு, முட்டை. அரிசி மூட்டை மட்டும் தூக்கக்கூடாது.

செல்வி ஒரு வாரம் முறைச்சா. நான் விடுவேனா? கடையில போய் உட்கார்ந்தேன். யார் சாமான் கேட்டு வந்தாலும் எழும்பினேன். முதல்ல மேசையைப் பிடிச்சு… அப்புறம் விரல் நுனியை மட்டும் வச்சு… அப்புறம் பிடிக்காமலே!

தேயிலை மலையில காலம் பூரா நின்னே வேலை செஞ்ச சனங்க நம்ம. பாசம் பொங்கினா ஆளைப் படுக்க வைக்கத்தான் தெரியும். உங்க வீட்டுலயும் ஈரல் வருத்தக்காரர் இருந்தா, டொக்டரைக் கேட்டு எழுப்பி விடுங்க. வயித்துல தண்ணி கோத்தவங்க என்னைப் பார்த்துட்டு, கேட்காம கிளம்பிடாதீங்க.

செவ்வாய்க்கிழமை அஞ்சாவது தடவை நின்னதும் டொக்டர் கை தட்டினாங்க. செல்வி அழுதுட்டா. "உங்களைப் படுக்க வச்சே கொன்னிருப்பேனேங்க!"

வெளியில வந்து ஆட்டோவை நிறுத்தப் போனேன். அவ தடுத்தா.

"நடந்தே போவோமா?"

மேட்டுல மூச்சு வாங்கினது அவளுக்குத்தான்!