காப்பு கட்டிய ஊரில் கனீஸ் டீச்சர்

கல்லூரிக்கு நாட்டு நலப்பணித் திட்டம் வந்தபோது அதை யார் தலையில் கட்டுவது என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. தமிழ்த்துறை அம்மாவுக்கு மூட்டு வலி. கணக்குத்துறை அம்மாவுக்குக் கைக்குழந்தை. வேதியியல் அம்மா கூட்டம் முடிகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விலங்கியல் நடத்திய கனீஸ் ஃபாத்திமா மட்டும், அந்த வேலையில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டுத் தொலைத்தார். கேள்வி கேட்டவர் மாட்டிக்கொள்வதுதானே கூட்டங்களின் வழக்கம்! எழுபதுகளின் கடைசியில் அவர் திட்ட அலுவலர் ஆனது இப்படித்தான்.

வாணியம்பாடிக்காரர். கணவர் ஃபரூக் ஒரு தோல் பதனிடும் ஆலையில் கணக்கெழுதினார். வீட்டில் அதிகம் பேசாதவர், கனீஸ் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். பக்கத்து ஊரில் இருந்த பெண்கள் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தார். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் ஜவ்வாது மலை. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் தன் மாணவிகளில் ஒருத்திகூட அதில் ஏறியதில்லை என்று ஒருநாள் தெரிந்துகொண்டார். ஆண்கள் கல்லூரிப் பையன்கள் வருஷா வருஷம் முகாம் என்று மலைக்குப் போய் வர, தன் பெண்கள் மட்டும் கல்லூரி வளாகத்தில் குப்பை பொறுக்கிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பத்து நாள் முகாம் மலையில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

முடிவு கட்டுவது சுலபம். பெண்ணைப் பெற்றவர்களிடம் யார் பேசுவது? கனீஸ் வீடு வீடாக ஏறி இறங்கினார். டீ கிடைத்தது, பிஸ்கட் கிடைத்தது, சம்மதம் மட்டும் கிடைக்கவில்லை. எல்லாரும் கடைசியில் ஒரே ஆளைக் காட்டினார்கள். தோல் மண்டி வைத்திருந்த ஹனீஃபா தன் மகள் சகிலாவை அனுப்பினால் நாங்களும் அனுப்புகிறோம் என்றார்கள். ஹனீஃபாவோ பெரிய மனிதர். நான்கு தடவை வரவைத்தார். ஐந்தாம் தடவை தன் நிபந்தனையைச் சொன்னார்.

“பத்தாம் நாள் பொழுது சாய்ஞ்சு மஃரிப் பாங்கு சொல்றதுக்குள்ள பொண்ணு வூட்ல இருக்கணும். பாங்கு சொல்லி அப்பறம் வந்தா, அதோட சரி. என் பொண்ணு மட்டும் இல்ல, இந்தத் தெருவுலருந்து ஒரு பொண்ணும் ஒங்க பின்னால வராது.”

கனீஸ் வாக்குக் கொடுத்தார். நேரம் தவறுவது அவருக்கு ஜென்ம விரோதம் என்பதால் அதைப் பெரிய வாக்காகவே நினைக்கவில்லை.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் முப்பது நாற்பது வீடு கொண்ட ஓர் ஊரை அவர் முன்பே பார்த்து வைத்திருந்தார். ஊர்க்கவுண்டர் சின்னதம்பியிடம் பேசி, ஊற்றுக்கு இறங்கும் வழியை வெட்டிச் சீர்செய்வது என்றும், பரீட்சை முடிந்து சித்திரையில் வருவது என்றும் ஏற்பாடு. அதற்குள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒதுக்கிய பணத்தை மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும், ஆகவே எல்லா முகாம்களும் பிப்ரவரியில் நடக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பஞ்சாங்கத்தில் மார்ச் மாதம்தான் எமகண்டம். கனீஸ் மலையடிவாரத்து ஆலங்காயம் ஜீப் டிரைவரிடம், மாசியிலேயே வருகிறோம் என்று சொல்லியனுப்பினார். தாராளமாக வரட்டும் என்று பதில் வந்தது. மாசியில் ஊரில் என்ன நடக்கும் என்று இவர் கேட்கவில்லை. சித்திரைக்கு வருகிறேன் என்றவர் ஏன் மாசிக்கு வருகிறார் என்று அவர்களும் கேட்கவில்லை. திருவிழாவைக் கேள்விப்பட்டு டீச்சரம்மா நாளை மாற்றிக்கொண்டார் என்று ஊரே பூரித்துப்போயிருந்தது.

ஜீப்புகளில் பெண்கள் ஏறினார்கள். பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், மீதிப் பேர் பாடினார்கள். துணைக்கு வந்த இளம் ஆசிரியை அம்சவல்லி இரண்டையும் செய்தார். பள்ளிக்கூடக் கட்டடத்தில் சாமான்களை இறக்கிவைத்த அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் முன்னால் மேளம் கேட்டது. வேப்பிலையும் மஞ்சள் துணியும் கம்பத்தில் கட்டினார்கள். பெண்கள் ஓடிப்போய் வேடிக்கை பார்த்தார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று.

மறுநாள் காலையில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்களை சின்னதம்பி வழியில் நிறுத்தினார். காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்குள் மண் வெட்டக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, தாளிக்கவும் கூடாது. கொண்டுவந்த மண்வெட்டிகளை எல்லாம் பள்ளிக்கூட மூலையில் சாத்திவைத்தார்கள். அவை அங்கேயே கிடந்தன. பெண்கள் பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், குழந்தைகளுக்குத் தலை வாரினார்கள், ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து புளியம்பழ ஓட்டை உரித்தார்கள். வேலை நடக்கவில்லையே என்று கனீஸுக்கு உள்ளூர எரிச்சல்தான். ஆனாலும் சகிலா வீட்டுக்கு வீடு கூப்பிடப்படுகிற ஆளாக மாறியதைப் பார்த்தபோது அவருக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள், காலையில் ஜீப் வரும் என்று ஊர்க்கவுண்டரிடம் சொல்லப் போனார். சின்னதம்பி ஆட்களைக் கூப்பிட்டார். கோயில் முன்னால் கூட்டம் கூடியதும் அவரே சொன்னார்.

“காப்பு கட்டனப்பறம் ஊர்ல ராத்தங்கனவங்க, அவுக்கற வரிக்கும் வெளியில ராத்தங்கக் கூடாதுங்க டீச்சரம்மா. இன்னும் அஞ்சு நாளு கீது. தெரிஞ்சுதான வந்தீங்க?”

தெரியாது என்று சொல்ல கனீஸுக்கு வாய் வரவில்லை. முன்னொரு வருஷம் எவனோ காப்பை மீறிப் போனான், அந்தக் கோடையில் ஊரில் அம்மை விழுந்து மூன்று பிள்ளைகள் போயின என்று ஒரு கிழவர் சொன்னார். அதில் ஒன்று அவருடைய பேரன். யாரும் மிரட்டவில்லை. போவதென்றால் ஜீப்பின் முன்னால் படுத்துத் தடுக்க மாட்டார்கள் என்று கனீஸுக்குத் தெரிந்தது. ஆனால் மீறிப் போனால் அப்புறம் இந்த மலையில் காலை வைக்க முடியாது. போகாவிட்டால் ஹனீஃபாவின் தெருவில் காலை வைக்க முடியாது. எந்தப் பக்கம் தவறினாலும் மாணவிகளின் மலை முகாம் இந்த ஒன்றோடு முடிந்தது. பின்னால் நின்ற பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு மங்கம்மாள் நினைவுக்கு வந்தாள். நிறைமாதக்காரி. காப்புக் கட்டிய பிறகுதான் வலி எடுத்து, டோலி கட்டித் தூக்கிப்போய் ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இன்னும் திரும்பவில்லை. அவள் மட்டும் எப்படி வெளியே தங்குகிறாள் என்று கனீஸ் கேட்டார். அவளுடைய புருஷன் கோபால் ஊரில்தானே இருக்கிறான், தலைக்கட்டு ஊரில் இருந்தால் வீட்டு ஆட்கள் அவசரத்துக்குப் போய் வரலாம் என்றார் சின்னதம்பி. தலைக்கட்டு என்றால் ஊர் வரி கொடுக்கும் குடும்பத் தலைவர்.

கனீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வகுப்பில் பாடத்தைத் தொடங்கும் குரலில் சொன்னார்.

“அப்படின்னா இந்தப் பொண்ணுங்களுக்கு நான்தாங்க தலைக்கட்டு. நான் இருக்கறேன். அவங்கள அனுப்புங்க.”

பொம்பளை எப்படித் தலைக்கட்டு ஆவாள் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சாந்தம்மாள் எழுந்தாள். புருஷன் போய் வருஷக்கணக்காகத் தனியாகச் சாமை விதைத்துத் தனியாக அறுக்கிறவள். அவள் வாயைத் திறந்தால் ஊர்க்கவுண்டரே சற்றுத் தள்ளி உட்காருவார்.

“நான் யாரு? எங்கிட்ட வரி வாங்கறப்ப நான் பொம்பளன்னு தெரியலியா ஒங்களுக்கு?”

சின்னதம்பி சரி என்று தலையை ஆட்டினார்.

காலையில் ஜீப்புகள் அம்சவல்லியின் பொறுப்பில் இறங்கின. சகிலா கடைசி வளைவுவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மஃரிப் பாங்குக்கு வெகு முன்பே அத்தனை பெண்களும் வீட்டில் இருந்தார்கள் என்று மறுநாள் டிரைவர் சொன்ன பிறகுதான் கனீஸ் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிட்டார்.

சாந்தம்மாளின் வீட்டில் தங்கினார். மூலையில் பாய் விரித்துத் தொழுதார்; கோழி குறுக்கே ஓடினால் சாந்தம்மாள் அதை விரட்டினாள். கோயிலுக்கு வா என்று இவரை யாரும் கூப்பிடவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. கூழ் மட்டும் தவறாமல் வந்தது. ஒருநாள் ஃபரூக் ஒரு பையில் மாற்றுப் புடவையும் மிக்சர் பொட்டலமும் எடுத்துக்கொண்டு ஏறி வந்துவிட்டார். கோபமாக வருகிறார் என்று கனீஸ் பயந்தார். அவர் பையைக் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெளியில் ராத்தங்கியவளை வைத்து வாணியம்பாடியில் நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. சின்னதம்பிதான் அவசரப்படுத்தினார். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள், ராத்தங்கிவிட்டால் உங்களையும் விட முடியாது என்றார். ஃபரூக் சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்த மனிதர் மேல் தனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்பது, அவர் முதுகு சரிவில் மறைகிறபோது கனீஸுக்கே புதிதாகத் தெரிந்தது.

காப்பு அவிழ்ந்த மறுநாள் அவர் இறங்கினார். கல்லூரியில் அவருக்காகக் குறிப்பாணை காத்திருந்தது. மாதிரித் தேர்வு நடக்கும் சமயத்தில் முன்னனுமதி இல்லாமல் விடுப்பு. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கேள்வி அதைவிடச் சுருக்கமானது: வெட்டப்பட்ட பாதையின் நீளம் எவ்வளவு? பாதையே வெட்டவில்லை என்று கனீஸ் உள்ளதை எழுதினார். காப்பு, தலைக்கட்டு என்றெல்லாம் எழுதினால் அங்கே யாருக்குப் புரியும்? திட்ட அலுவலர் பொறுப்பு அம்சவல்லிக்குப் போனது. கனீஸ் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் இரண்டு நாள் அழுதார்.

ஆனால் முகாம் நிற்கவில்லை. அடுத்த வருஷம் சித்திரையில் அதே ஊர் என்று முடிவாயிற்று. ஹனீஃபா ஒரு நிபந்தனையும் போடாமல் சகிலாவோடு அவள் தங்கையையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அம்சவல்லிக்கு டீ முதல் தடவையிலேயே சம்மதத்தோடு கிடைத்தது. பெயர்ப் பட்டியலில் கனீஸுக்கு இடமில்லை. பொறுப்பில் இல்லாதவர் எந்த முகத்தோடு மலைக்குப் போவார்? அந்த ஊரை இனிப் பார்க்கப்போவதில்லை என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மாசி பிறப்பதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாணியம்பாடியில் தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டு சின்னதம்பி வந்து கதவைத் தட்டினார். தோளில் துண்டு, காலெல்லாம் புழுதி. ஃபரூக் நாற்காலி போட்டார். அவர் தரையில்தான் உட்கார்ந்தார்.

“மாசி ரெண்டாஞ் செவ்வாய் காப்புங்க. வெளியூர்ல கீற தலைக்கட்டுக்கெல்லாம் முன்கூட்டியே நேர்ல சொல்லணும், அதான் வழக்கம். பெங்களூர்ல ரெண்டு பேருக்குச் சொல்லிட்டு வர்றேன். ஒங்க வரிய சாந்தம்மாளு சாமையா அளந்துட்டா, அத நீங்க அவகிட்ட பேசிக்குங்க.”

கனீஸ் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. ஃபரூக்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் முதல்வர் அறைக்குப் போய், இந்தத் தடவை முறைப்படி முன்கூட்டியே விடுப்புக் கேட்டார். எதற்கு என்று முதல்வர் அம்மா நிமிராமலே கேட்டார். ஊரில் திருவிழா என்றார் கனீஸ். முதல்வர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். உங்கள் ஊர் வாணியம்பாடிதானே, அங்கே மாசியில் உங்களுக்கு என்ன திருவிழா என்றார்.

“வாணியம்பாடியில வீடு இருக்குதுங்க, மேடம்” என்றார் கனீஸ் ஃபாத்திமா. “ஊரு மலை மேல இருக்குது.”