கதீட்ரலை வலம் வந்த அக்கா

எங்கள் ஊர் கதீட்ரலுக்குள் நாய்கள் போகலாம். 'நாய்களும் வருக' என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் நான் அதை நின்று நின்று படித்திருக்கிறேன். மழையில் நனைந்த நாய் ஒன்று உடம்பை உதறிவிட்டு, எஜமானியோடு பீடம் வரைக்கும் போய்த் திரும்பும். யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். மலேசியாவில், பிரிஞ்சாங்கில் இருக்கிற நம் மாரியம்மன் கோவில் வாசலில் ஒரு நாய் மூக்கை நீட்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாருங்கள், 'எங்கள் ஊர்' என்று எழுதிவிட்டேன். வடக்கு இங்கிலாந்தில், ஆற்றங்கரையில் மதில் கட்டிய இந்தப் பழைய நகரத்தைத்தான் சொல்கிறேன். கை தானாக எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

போன மாதம் காஞ்சனா அக்கா என்னைப் பார்க்க வந்திருந்தாள். அவளை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில்தான் இன்னும் இருக்கிறாள். தேயிலை பார்க்க வருகிற சுற்றுப்பயணிகளைத் தொழிற்சாலைக்குள் கூட்டிப்போய், இது வாட்டுகிற இடம், இது உருட்டுகிற இடம் என்று காட்டி, கடைசியில் கடைப்பக்கம் கொண்டுவந்து விடுகிற வேலை அவளுக்கு. அம்மா போனபிறகு எனக்கு அம்மாவும் அவள்தான். அவள் வந்ததில் எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. சந்தோஷத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பயத்துக்குக் காரணம், அவளிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம். எனக்கு இங்கே குடியுரிமை கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. உறுதிமொழி எடுத்தபிறகு மலேசியப் பாஸ்போர்ட்டையும், குடிமக்களுக்கான அடையாள அட்டையான நீல ஐசியையும் லண்டனில் இருக்கிற நம் தூதரகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாட்டையும் கையில் வைத்துக்கொள்ள நம் சட்டம் விடாது. கணவரும் மகளும் ஏற்கெனவே இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் என் வேலையும் இங்கேதான். எல்லாக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அக்காவிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி இருந்தது.

ஐசியைப் பற்றி இங்கே இருக்கிற வெள்ளைக்காரர்களிடம் சொன்னால் அது ஒரு அட்டை. நமக்கு அப்படியா? அப்பா தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் அவருக்குச் சிவப்பு ஐசிதான் கிடைத்தது. இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் நாட்டின் ஆள் இல்லை. என் பிறப்பைப் பதிந்திருந்ததால், எனக்குப் பன்னிரண்டு வயதானபோது பள்ளிக்கூடத்திலிருந்தே லோரியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து டவுன் தானா ராத்தாவுக்குப் போய் நீல ஐசி எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே காலையில் வேலை முடிந்தது. சாயங்காலம் மருந்தடிக்கிற வேலை முடித்து வந்த அப்பா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அதன்பிறகுதான் என் ஐசியைத் தொட்டார். அவருடைய நீலம் வர இன்னும் பல வருஷம் இருந்தது.

அக்கா வந்து பத்து நாள் ஆகியும் நான் வாயைத் திறக்கவில்லை. சோறு போடும்போது சொல்லலாம் என்று நினைத்தால் அவள் மீன் சம்பலைப் பற்றிப் பேசுவாள். தொலைக்காட்சி முன்னால் சொல்லலாம் என்றால் தூங்கிவிடுவாள். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரியே நடமாடினேன். கடைசியில் ஊரைச் சுற்றிக்காட்டுகிற ஒரு நடைப்பயணத்துக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன். முதலில் ஓவியக் காட்சியகம், பிறகு கதீட்ரல். நாலு பேர் நடுவே, அழகான இடத்தில் சொன்னால் அக்கா சத்தம் போடமாட்டாள் என்று ஒரு கோழைக் கணக்கு.

வழிகாட்டியின் பெயர் ஆர்தர். ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர், கழுத்தில் மஞ்சள் துண்டு. அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா பேசுறாருலா. ஆனா பின்னாடி யாரு வர்றாங்கன்னு திரும்பியே பாக்கல. ரெண்டு பேரு ஓவியத்துக்கிட்டயே நிக்குறாங்க பாரு."

"நமக்கென்னக்கா. நீ லீவுல வந்துருக்க."

சொல்லி என்ன பயன். அடுத்த அறைக்குப் போகும்போது அக்கா கூட்டத்தின் கடைசியில் நின்று, பின்தங்கிய ஜெர்மன் தம்பதியை, "திஸ் சைட் ப்ளீஸ், மைண்ட் யுவர் ஸ்டெப்" என்று பணிவாகக் கையை நீட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர்களும் இவள் காட்சியகத்து ஆள் என்றே நினைத்து, கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். அக்காவுக்கு அதுவும் தெரிந்திருந்தது. உள்ளே வரும்போதே பார்த்து வைத்திருக்கிறாள்.

உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். தரை முழுக்கக் கம்பளம், காலடிச் சத்தமே கேட்காது. பொன் சட்டங்களுக்குள்ளிருந்து முகங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதுபோல வந்தன. விடியற்காலையில் பனிமூட்டத்துக்குள் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள், முதலில் தலைத்துண்டு, பிறகு முகம், பிறகு கூடை என்று தெரிவார்களே, அப்படி. எந்த ஊரில் நிற்கிறேன் என்பது கொஞ்ச நேரம் எனக்கு மறந்துபோனது. ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் ஆர்தர் நின்றார். பட்டு உடுத்திய ஒரு சீமாட்டி, மேசையில் தேநீர்க் கோப்பைகள், எதிரே விருந்தாளிகள். இதில் என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒருவர் சரிகை என்றார், ஒருவர் வெள்ளிப் பாத்திரம் என்றார். அக்கா என் காதில் சொன்னாள்.

"அந்தம்மா எதையோ சொல்லணும்னு இருக்கு. சொல்லாம டீ ஊத்திக்கிட்டு இருக்கு. மூஞ்சப் பாரு."

அதை நான் ஆர்தருக்கு மொழிபெயர்க்கவில்லை. அடுத்த ஓவியத்துக்குப் போய் நின்றுகொண்டேன்.

கதீட்ரல் வாசலுக்கு வந்தபோது தூறல் விழுந்தது. ஆர்தர் எங்களை மேற்கு வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டார். நாலடி போய்த் திரும்பிப் பார்க்கிறேன், அக்காவைக் காணோம். அவள் வாசல் தூணோரம் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த கம்பளிக் காலுறையையும் கழற்றி, சுருட்டி, சப்பாத்துக்குள் வைத்து, ஓரமாகச் சுவரை ஒட்டித் தள்ளிவிட்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, இங்க கழட்ட வேணாம். எல்லாரும் போட்டுக்கிட்டுத்தான் போறாங்க."

"அவங்க போவட்டும். சாமி இருக்கற எடம்தானே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை நினைத்து வெட்கமா, என்னை நினைத்து வெட்கமா என்று கேட்டால் இப்போதும் தெரியாது. இத்தனை வருஷமாக இந்தக் கதீட்ரலுக்குள் மழைக்கு ஒதுங்கியும், பாட்டுக் கேட்கவும் நான் போய் வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட என் கை சப்பாத்துக் கயிற்றுப் பக்கம் போனதில்லை.

ஆர்தர் அக்காவின் வெறுங்காலைப் பார்த்துப் பதறிவிட்டார். பேச்சைப் பாதியில் நிறுத்தி, பக்கத்தில் வந்து, காலில் வலியா, நடக்கச் சிரமமா என்று அவளையே கேட்டார். அக்கா சிரித்த முகத்தோடு, "நோ நோ, வெரி கிளீன்" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். அவர் இன்னும் கவலைப்பட்டு, ஓரமாகப் போய் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் விளக்குவதற்குள் அக்கா நன்றி சொல்லித் தன் கோட்டையும் குடையையும் என் கைப்பையையும் அந்த நாற்காலியில் வைத்துவிட்டாள். அந்த மனிதர் என்ன செய்வார்? ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டே வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் குடையும் கைப்பையும் சகல மரியாதையோடு நடு மண்டபத்தில் பவனி வந்தன.

மேலே எங்கேயோ சிறுவர்கள் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். வெளியே வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் நிறமெல்லாம் தரையில் விழுந்தது. அக்காவின் பாதம் சிவப்பில் ஒரு அடி வைத்தது, நீலத்தில் ஒரு அடி வைத்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். அப்பாவின் ஞாபகம் அப்படியே வந்து நின்றது. குடியுரிமைக்கு நேர்முகம் என்று அவரைக் கூப்பிட்டபோது, மலாய் பேசத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள் என்று சொன்னதால், அக்காதான் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அதிகாரி மாதிரி உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்பாள். ஏன் குடியுரிமை வேண்டும் என்று கேட்டால் அப்பாவுக்கு ஒரே பதில்தான். "சாயா லாஹிர் சினி." நான் இங்கே பிறந்தேன். இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கப்பா என்பாள் அக்கா. அதற்கு மேல் என்ன சொல்வது என்று அப்பா நிஜமாகவே கேட்பார்.

நீலம் கிடைத்தபிறகு அவர் ஒரே ஒரு தேர்தலில்தான் ஓட்டுப் போட்டார். பள்ளிக்கூட வகுப்பறையில் ஓட்டுச்சாவடி. அப்பா வாசலில் சிலிப்பரைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அங்கே இருந்த மலாய்க்காரப் பெண், போட்டுக்கொண்டே வாருங்கள் பாக்சிக், பெரியவரே, என்று சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த தேர்தல் வரும்போது அவர் இல்லை.

பயணம் முடிந்து ஆர்தர் எங்களை வடக்கு வாசல் வழியாக வெளியே விட்டார். அப்போதுதான் உறைத்தது. அக்காவின் சப்பாத்து மேற்கு வாசலில் இருக்கிறது. உள்ளே பூசை தொடங்கப்போகிறது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். என் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றாள்.

"ஒனக்குச் சளி புடிக்கும். நடலா. ஆனா அந்தப் பக்கமா போகாத, இந்தப் பக்கமா வா."

"அந்தப் பக்கந்தான்க்கா கிட்ட. இது முழுக்கச் சுத்திக்கிட்டுப் போகணும்."

"கிட்டயா இருந்தா என்னா? எடப்பக்கமா சுத்துவாங்களா? வலப்பக்கமாதான் வரணும். வந்ததுக்கு ஒரு சுத்து சுத்துன மாதிரி ஆச்சு."

கதீட்ரலின் உயரமான கற்சுவரை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, நனைந்த புல்லில் அக்கா வெறுங்காலோடு நடந்தாள். பழைய கல்லறைக் கற்கள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றையும் மிதிக்காமல் விலகிப்போனாள். உதட்டில் ஏதோ முணுமுணுத்தாள், என் மகளின் பெயர் காதில் விழுந்தது. இனிமேலும் பொறுத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அக்கா, நான் ஐசியத் திருப்பிக் குடுக்கப்போறேன். இங்க சிட்டிசன் எடுக்குறேன். அடுத்த வாரம்."

அவள் நிற்கவில்லை. அதே வேகத்தில் நடந்தாள். கிழக்குச் சுவர் வந்தது, திரும்பினோம்.

"யாருகிட்ட குடுப்ப?" என்று கேட்டாள்.

"லண்டன்ல, நம்ம எம்பசி கவுண்டர்ல."

"அப்பா அதச் சாமி படத்துக்கிட்ட வச்சுத் துன்னூறு பூசி கும்பிட்டாரு. நீ கவுண்டர்ல குடுப்ப."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஒரு சங்கதியைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். நாற்பத்தைந்து வயதில், நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறவள், பட்டப்பகலில் கல்லறைகளுக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். மகளுக்கும் கணவருக்கும் ஒரு நாடு, எனக்கு ஒரு நாடு என்றால் என்றைக்காவது யாராவது ஒரு சட்டத்தை மாற்றி எங்களைப் பிரித்துவிடுவார்களோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றேன். வேண்டாம் என்று நீ சொன்னால் விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"நா எதுக்கு வேணாங்கறேன். புள்ள எங்கயோ அங்கதானே நீ. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு எத்தன நாளைக்கு நிப்ப. ஆனா எனக்கு வருத்தமா இருக்கு விமலா. இல்லைன்னு சொல்லமாட்டேன்."

"எனக்கும்தான்க்கா."

மேற்கு வாசலுக்கு வந்துவிட்டோம். சப்பாத்து தூறலில் நனைந்து அப்படியே இருந்தது. அக்கா படியில் உட்கார்ந்தாள். நான் கீழே மண்டியிட்டு, என் கழுத்துத் துண்டால் அவள் பாதத்தைத் துடைத்தேன். குளிரில் விறைத்துப் போயிருந்தது. கூசுகிறது என்று காலை இழுத்தாள், நான் விடவில்லை. பிறகு குனிந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ அடுத்த தடவ நீ ஊருக்கு வர்றப்ப, கே.எல். ஏர்போட்டுல வெளிநாட்டுக்காரங்க வரிசையிலதான் நிக்கணுமா?"

"ஆமாக்கா."

"நா கூட வந்தாலும்?"

"நீ கூட வந்தாலும். நீ அந்தப் பக்கம் வேகமா போயிருவ. நான் பின்னால வருவேன்."

காலுறையை வாங்கி, நிதானமாக ஒவ்வொரு விரலாக உள்ளே விட்டு மாட்டிக்கொண்டாள்.

"நா எங்க போறேன். ஒங்கூடவே அந்த வரிசையில நிக்கிறேன்."

"அது உன் வரிசை இல்லக்கா. ஆபீசர் கேப்பாங்க, நீ மலேசியாக்காரி, இங்க எதுக்கு நிக்குறன்னு."

"கேக்கட்டும்," என்றாள் அக்கா. "என் தங்கச்சி வெளிநாட்டுக்காரி, அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன்னு சொல்றேன்."