அட்டாரா புல்

காலை ஆறு மணிக்குப் பால்கனியில் நின்று லீலா போனில் கத்தினாள்: "அட்டாரா புல் போச்சா? அரே, போன வாரம்தானே நல்லா இருந்துச்சு!"

புனேயில், சாங்வியின் அந்தக் குடியிருப்பு வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் அட்டாரா என்றால் பதினெட்டு, புல் என்றால் பாலம், அது தெரியும். நான்காம் மாடி மேடம் கட்டிய பாலங்களில் பதினெட்டு விழுந்துவிட்டதாகக் கீழே செய்தி பரவிற்று. மழைக்காலம், யாரும் சந்தேகப்படவில்லை. குடியிருப்புச் செயலாளர் மகாதேவன் மட்டும், தமிழர் என்ற தகுதியில், விசாரிக்க மாடியேறினார்.

"பாலமா! புல் சார், புல். கடலுக்கு அடியில முளைக்கிறது." லீலா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

பாக் விரிகுடாவில், இழுவலைகள் வழித்தெடுத்த ஆழமில்லாத தரையில், மூங்கில் சட்டத்துக்குள் கட்டம் கட்டமாகக் கயிறு பின்னி, கட்டத்துக்கு ஒரு நாற்றாகக் கடற்புல்லைக் கட்டி இறக்குகிறார்கள். அங்கிருக்கும் மீனவன் கலியன் முக்குளித்துப் படம் எடுத்து அனுப்புவான். ஆபீஸ் போகுமுன் லீலா படத்தில் உயிரோடிருக்கும் நாற்றுகளை எண்ணி அட்டவணையில் ஏற்றிச் சொல்வாள். சம்பளம் கிடையாது.

"இதுல என்ன லாபம்மா?"

"புல் வந்தா மீன் வரும் சார்."

"புனேக்கா?"

ஒவ்வொரு சட்டத்தையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் எண்ணுவாள். முடித்ததும் தண்ணீருக்கு மேலே வந்தவள் போல வாயால் மூச்சு வாங்குவாள். ஆனால் புனேயிலேயே, கட்கியில் பிறந்த அவள் இதுவரை கடலில் கால் நனைத்ததில்லை. ஒரே முறை அலிபாக் கடற்கரைக்குப் போனபோது இருபது பேரின் செருப்புக்குக் காவல் இருந்தாள்.

போன் மறுபடி அடித்தது. கலியன்.

"யக்கா, கணக்கு கெடக்கட்டும். எப்ப வாரிய? நாலு வருசமா இதே கேள்வி."

"ஆபீஸ்ல சுட்டி கிடைக்கல கலியா, லீவே தரமாட்டேங்கறாங்க. திவாளி முடியட்டும், பக்கா வரேன்."

"அப்ப வாடைக்காத்துல கடல் கலங்கிரும். ஒங்க கையே ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க கட்டம் இன்னும் சும்மாதான் கெடக்கு, பாத்துக்கங்க."

முதல் சட்டத்தின் கடைசிக் கட்டம் அது. அவள் கையால் ஒரு நாற்றைக் கட்டட்டும் என்று கலியன் விட்டுவைத்தது. அவளும் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

மகாதேவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். "இது ஒண்ணு விட்டுப்போச்சே" என்று, உபகாரமாக, அந்தக் கட்டத்துக்கு நேரே பூஜ்யம் தட்டினார்.

"செத்ததுக்குத்தான் சார் பூஜ்யம்."

லீலா அதை அழித்தாள். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த சட்டத்தைத் திறந்தாள்.