டெக் வரதன்

மஞ்சள் வயரின் முனையை வாயால் ஊதி, வேட்டி நுனியால் துடைத்து, டெக்கின் முதுகில் மறுபடியும் செருகுகிறார் வரதன். தலையைச் சாய்த்துத் திரையைப் பார்க்கிறார். பிடிக்கவில்லை. பிடுங்குகிறார். உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை எடை போடும் மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை.

வீடியோ கேசட் ஓட்டும் பெட்டியை இன்னும் வீட்டில் வைத்திருப்பவர் ஊரில் அவர் ஒருவர்தான். அதனால் அவர் பெயரே டெக் வரதன். டெக் மூன்று இருக்கிறது, இரண்டு உதிரி பாகத்துக்கு. கேசட் ஒன்றே ஒன்று. யாராவது சென்னைக்குப் போவதாகக் காதில் விழுந்தால் போதும், "நல்ல வயரா பாத்து வாங்கியாப்பா. கெட்டியா, முனைல தங்க கலரு இருக்கும்" என்று வாசலுக்கே வந்துவிடுவார். நானும் வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன். பிடித்தால் விடாத மனிதர், மறுக்கவும் வாய் வராது.

புது டிவி அவருக்கு ஆகாது. "படத்துல வர்ற கோடுங்களயும் பெர்சா காட்டுது சார்" என்று பழைய டப்பா டிவியையே கட்டிக்கொண்டு அழுகிறார். பக்கத்தில் செல்போன் வைக்கக் கூடாது. மின்விசிறி ஓடினால் படம் ஆடுகிறதாம். வியர்வை வழிய வழிய உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கேசட்டில் இருப்பது அவர் மகள் இளவரசியின் காதுகுத்து. தாய்மாமன் செலவில் எடுத்த வீடியோ. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அந்தக் குழந்தை போய்விட்டது. வேறு ஒரு போட்டோகூடக் கிடையாது. எங்கள் பக்கத்தில் சின்ன வயதில் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று சாமியாக வைத்து ஆடியில் படையல் போடுவார்கள். படமில்லாத வீட்டில் வரதன் ஒரு வழி கண்டுபிடித்தார். மாமன் மடியிலிருந்து அவள் நிமிர்ந்து சிரிக்கும் இடத்தில் கேசட்டை நிறுத்திவிடுவார். டிவிக்கு முன்னால் இலை, புதுப் பாவாடை, கற்பூரம். கேசட் தானாக ஓடத் தொடங்கினால் பின்னுக்கு இழுத்து மறுபடி நிறுத்துவார். வருஷா வருஷம் அதே சிரிப்பு.

அப்படி நிறுத்தி வைத்தால் டெக் உள்ளுக்குள் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் வினோத்குமார்தான் உடைத்துச் சொன்னான். "அந்த எடம் மட்டும் சுத்தமா தேஞ்சி பூட்ச்சி பெரியவரே. இன்னா வயர் போட்டாலும் வராது."

மாமன் மீசை தெளிவாக இருக்கிறது. ஆசாரி ஊசி எடுப்பது தெரிகிறது. பின்னால் கட்டியிருக்கும் கிடா அசைபோடுவதுகூடத் தெரிகிறது. மற்ற இடங்களில் குழந்தை மாமன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறாள். முகம் தெரிந்த அந்த ஓரிடத்தில் வெறும் வெள்ளைக் கோடுகள்.

வரதன் ஒப்புக்கொள்ளவில்லை. "அவனுக்கு இன்னா தெரியும்? எல்லாம் வயர் கோளாறு" என்கிறார். அவர் மனைவி அம்முலு என்னிடம் தனியாகச் சொன்னாள்: "வயர்ல இன்னா சார் கீது? நம்ப கையாலயே அழிச்சிட்டோம்னு அந்த மனுசனுக்கு ஒத்துக்க முடியல."

போன ஆடிப் படையலுக்கு நானும் போயிருந்தேன். புது வயர் மாட்டியாகிவிட்டது. கேசட் ஓடியது. மாமன் மடி வந்தது, உடனே கோடுகளும் வந்தன. படம்தான் போயிருந்தது, குரல் போகவில்லை.

"நைனா, வலிக்குமா?" என்று கேட்டது குழந்தை.

"வலிக்காதும்மா. நைனா கீறேன்ல" என்றது வரதனின் இளவயதுக் குரல்.

வரதன் டெக்கின் பின்னால் கையை விட்டு, சத்தத்துக்கான வெள்ளை வயரைப் பிடுங்கிப் போட்டார். பிறகு கோடுகளுக்கு நேராகக் கற்பூரத்தை ஏற்றினார்.